ஸ்லீவ் ஆபரேஷன்: ரோபோவுக்குக் கூடுதலாக ஒன்றரை லட்சம் கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
வயது 41, உயரம் 165 செ.மீ., எடை 128 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 47. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை. சில்வர் பீச்சில் வண்டியை நிறுத்தி மணலில் கால் வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். ரோபோவில் செய்தால், டாக்டர் கையாலேயே கருவி பிடித்துத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியைவிட ஒன்றரை லட்சம் அதிகம். "மெஷின்கிட்ட வயித்தைக் காட்டப் போறீங்களா?" என்கிறாள் வீட்டுக்காரி. மச்சானோ நகையை அடகு வைத்தாவது ரோபோதான் என்கிறான். ராத்திரி நெஞ்செரிச்சலும் உண்டு, மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன். என்ன செய்யலாம்?

தியேட்டர் நர்ஸ்:
அண்ணா, ரோபோ தானாக எதையும் வெட்டாது. அதே அறையில் ஓரமாக டாக்டர் உட்கார்ந்து விரலால் இயக்குவார். திரையிலிருந்து தலையை எடுத்தால் கருவி அப்படியே நின்றுவிடும். இரண்டிலுமே சின்னச் சின்னத் துளைகள்தான். லேப்ராஸ்கோப்பிக் கருவி நேர்க்கம்பி மாதிரி. ரோபோ கருவிக்கு மணிக்கட்டு உண்டு, உள்ளே தையல் போடச் சுலபம். வயிற்றுச் சதை ரொம்பத் தடிமன் என்றால் கம்பியை நெம்பிப் பிடித்தே டாக்டருக்குத் தோள் விட்டுப்போகும். அங்கே ரோபோ உதவும், பழைய ஆபரேஷனைத் திருத்தும்போதும் உதவும். ஆனால் அதைப் பொருத்தி முடிக்க நேரம் பிடிக்கும், மயக்கத்தில் கூடுதலாக இருப்பீர்கள். முதல்முறை ஸ்லீவ் என்றால், எடை குறைவதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

முத்தியால்பேட்டை வாசி:
மூன்று வருடத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பியில் ஸ்லீவ் செய்துகொண்டேன். 112 கிலோ இப்போது 76. அன்று சாயங்காலமே டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதலில் வெறும் கஞ்சித்தண்ணீர், மோர். அப்புறம் அரை இட்லி, அதைத் தின்னவே இருபது நிமிடம்.

ரோபோவை விடுங்கள், உங்கள் மூன்று தலையணைதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாய், உள்ளே அழுத்தம் ஏறி அமிலம் மேலே வரும். எனக்கு முன்பு இல்லாத நெஞ்செரிச்சல் இப்போது உண்டு, விடிந்தால் மாத்திரை. வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்தார்களா? உங்களுக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையில் சின்னப் பை மாதிரி பிரித்துக் குடலோடு இணைப்பது) பொருந்துமா என்று கேளுங்கள். அப்படியே, டாக்டர் எந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். கையில் மிச்சமாகும் காசு பி12, இரும்புச்சத்து மாத்திரைக்கு ஆகும், அது ஆயுசுக்கும் உண்டு.

மஞ்சக்குப்பத்தான்:
எண்டோஸ்கோப்பி பார்க்கவே இல்லை அண்ணே. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.