கடற்காற்றில் இரும்புக்கல்: வடசென்னை வீடுகளின் அனுபவங்கள்

திருவொற்றியூரிலிருந்து

வார்ப்பிரும்புப் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ள வீடியோக்களில் ஆயிரம் குறிப்பு சொல்கிறார்கள். ஆனால் கல் எந்த ஊர்க் காற்றில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் என் அம்மா தோசைக்கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைப்பார். மறுநாள் ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவார், அவ்வளவுதான். அதே ஊரில் வாங்கிய கல் திருவொற்றியூருக்கு வந்ததும் கதை வேறு. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும். ராத்திரி கழுவிச் சாய்த்த கல்லில் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு படிந்திருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "இங்க இரும்பு தானா காயாதும்மா, அடுப்புல வச்சுத்தான் காய வைக்கணும்" என்றார். ஜன்னல் கம்பியைச் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வீடு, அவருக்குத் தெரியாததா?

காரணம் உப்புதான். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் எதன்மேல் படிந்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும் கல்லின் மேல் மெல்லிய ஈரம் இருந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் பல தெருக்களில் போர் தண்ணீரும் உப்பு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு அதற்கே கவசமாகிவிடும். இரும்பின் துரு அப்படியல்ல. பொடிப்பொடியாக உதிர்ந்து அடுத்த அடுக்குக்கும் வழிவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது இதுதான் வழக்கம். கழுவியதும் சிறுதீயில் வைத்து ஈரம் முழுக்கப் போகும்வரை காய வைப்போம். சூடு இருக்கும்போதே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பழைய காட்டன் துணியால் தேய்த்து, பிறகு எண்ணெயே போடாததுபோல் இன்னொரு துணியால் துடைத்தெடுப்போம். அடிப்பக்கத்துக்கும் கைப்பிடி சேரும் இடத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும், துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய் அதிகமாக நின்றால் பிசுபிசுப்பும் சிக்கு வாடையும் வரும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, கடலோர வீட்டில் இரும்பு கெடுவது சமையலால் அல்ல, சும்மா இருப்பதால். தினமும் தோசை வார்க்கும் கல் கறுத்து மினுங்குகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இறங்கும் பணியாரச் சட்டிக்குத்தான் ஒவ்வொரு தடவையும் துரு எடுக்க வேண்டியிருக்கிறது. அதன் குழிகளில் தண்ணீர் நிற்பதும் ஒரு தொல்லை. எனவே ஐந்து சாமான் சேர்ந்த 'காம்போ செட்' பார்த்து ஆசைப்படாதீர்கள். ஒரு தோசைக்கல், ஒரு வாணலி போதும்.

சௌகார்பேட்டையிலிருந்து

அக்கா சொன்னதோடு வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் சித்தப்பா பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர். விடுமுறை நாட்களில் அவரோடு கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

முதலில், கடைக்காரர் காட்டுவது வார்ப்பா தகடா என்று பாருங்கள். இரண்டையும் 'இரும்புக்கல்' என்றுதான் விற்பார்கள். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. வார்ப்பு என்பது உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுப்பது. அடிப்பக்கத்தைத் தடவினால் மணல்மணலாக இருக்கும். கைப்பிடி பெரும்பாலும் கல்லோடு ஒன்றாகவே வார்த்திருக்கும். தகட்டுக் கல் மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும், கைப்பிடியை வெல்டு வைத்தோ ஆணி அடித்தோ இணைத்திருப்பார்கள். தகடு ஒன்றும் மட்டமில்லை. சீக்கிரம் சூடாகும், கீழே விழுந்தால் நெளியுமே தவிர உடையாது. சப்பாத்திக்கு அதுவே நல்லது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது நொறுங்கும் தன்மை கொண்டது. கைதவறி டைல்ஸ் தரையில் விழுந்தால் கல் போகலாம், இல்லையென்றால் டைல்ஸ் போகும்.

கல்லைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்து ஓரத்தை அமுக்குங்கள். ஆடினால் வேண்டாம். ஒரு கையில் தூக்கிப் பிடித்து நாணயத்தால் தட்டுங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் சரி, 'பொத்' என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. மேற்பரப்பில் வட்டவட்டமாகக் கடைசல் கோடுகள் தெரிவது குறையல்ல. லேத்தில் கடைந்து சமப்படுத்திய அடையாளம் அது, பழகப் பழக மறையும். ஊசித்துளை போன்ற குழிகள் இருந்தால்தான் வேறு கல் கேளுங்கள்.

எடையையும் யோசியுங்கள். 12 அங்குலக் கல் சுமார் 3 கிலோ வரும். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்றால் 10 அங்குலத்தோடு நில்லுங்கள். வீட்டு அடுப்பின் பர்னர் சிறியதாக இருக்கும்போது பெரிய கல் வாங்கினால் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கெட்டி, ஆனால் ஓரம்வரை பரப்புவதில் அலுமினியம் அளவுக்கு வராது.

காசிமேட்டிலிருந்து

பழைய கல்தான் நல்ல கல் என்று காயலான் கடைகளில் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற தலைமுறை கொடுத்ததை இந்தத் தலைமுறை காசு கொடுத்து வாங்குகிறது, இருக்கட்டும். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

என் நண்பன் ஒருவன் காயலான் கடையில் கனமான, கறுகறுவென்ற வார்ப்புச் சட்டி ஒன்றைப் பார்த்துவிட்டான். கறிவறுவல் செய்ய இதைவிட நல்லது கிடைக்காது என்று என்னிடம் காட்டினான். நான் உள்பக்கத்தை ஆணியால் கீறினேன். மங்கின வெள்ளையாக ஏதோ பளபளத்தது. கடைக்காரப் பெரியவர் சிரித்தார். "வலைக்கு ஈயம் காய்ச்சின சட்டி நைனா அது. சோறாக்க எடுத்துனு போவாதே" என்றார். அவராக இருக்கப்போய்ச் சொன்னார்.

வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எங்கள் பக்கத்தில் புதிதல்ல. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், ஒரு இரும்புச் சட்டியும் அடுப்பும் இருந்தால் வீட்டிலேயே காய்ச்சி வார்த்துவிடலாம். அப்படிப்பட்ட சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தாலும் நெருப்பில் போட்டுச் சுட்டாலும் அது சமையலுக்கு ஆகாது. நெருப்பில் போடுவது இன்னும் மோசம், புகையிலும் ஈயம் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈயம் மிகவும் கெடுதல், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பாட்டி வீட்டுக் கல், அத்தை வீட்டுக் கல் என்று வரலாறு தெரிந்த பழையதை வாங்குங்கள். யார் எதற்கு வைத்திருந்தார்கள் என்று தெரியாத சட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அப்புறம் மீன். வஞ்சிரமோ சங்கராவோ வறுக்க வார்ப்புக் கல்லை மிஞ்ச எதுவுமில்லை. கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு மீனைப் போடுங்கள். அது தானாக விடும்வரை கரண்டியால் நோண்டாதீர்கள். ஆனால் மீன் குழம்பு மண்சட்டியில்தான். புளி இரும்பில் படிந்த கறுப்பைத் தின்றுவிடும், குழம்பும் கறுத்து ஒரு இரும்பு வாடை அடிக்கும்.

வியாசர்பாடியிலிருந்து

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்த பிறகு எது பிழைத்தது, எது போனது என்று பார்த்ததுதான் வீட்டுச் சாமான் வாங்குவதில் எனக்குக் கிடைத்த படிப்பு.

பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஊறி உப்பிப் பிட்டுப்பிட்டாக வந்தது. தவணை முடிவதற்கு முன்பே குப்பைக்குப் போனது. கீழே வைத்திருந்த மிக்சி மோட்டார் போச்சு. இரும்பு பீரோவின் அடிப்பக்கம் துருப்பிடித்தாலும் நிற்கிறது, இப்போது செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றியிருக்கிறோம். பாட்டியின் தோசைக்கல் சேற்றுக்குள் கிடந்தது. எடுத்தபோது முழுக்கத் துரு, தூக்கிப் போடத்தான் நினைத்தார்கள். சேற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, கம்பிநாரால் இரும்பு நிறம் தெரியும்வரை தேய்த்து, அடுப்பில் நன்றாகச் சுட்டு, எண்ணெய் தடவித் திரும்பப் பழக்கினோம். இன்று காலையும் அதில்தான் தோசை. பக்கத்து வீட்டில் புது நான்ஸ்டிக் தவா ஒன்று சேற்று மணலில் உரசிப் பூச்சே பெயர்ந்துவிட்டது.

ஆனால் எல்லா வெள்ளத்துக்கும் இதைச் சொல்ல மாட்டேன். அதே மழையில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. அப்படி ஊறிய சாமானை நானாக இருந்தால் சமையலுக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து

சூடான வார்ப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்கிறார்கள். ஓட்டலில் தோசை மாஸ்டர் ஒவ்வொரு தோசைக்கும் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுகிறாரே, அது எப்படி?

சௌகார்பேட்டையிலிருந்து

தம்பி, ஓட்டலில் இருப்பது பெரும்பாலும் தடித்த ஸ்டீல் பிளேட், வார்ப்பு அல்ல. அதோடு அவர் தெளிப்பது ஒரு கை தண்ணீர், சூட்டைச் சற்றே இறக்க. வீட்டிலும் தோசை ஒட்டினால் அப்படித் தெளித்து, நறுக்கிய வெங்காயத்தால் தேய்க்கலாம். கொதிக்கும் கல்லை அப்படியே சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறப்பதுதான் ஆபத்து.

பெரம்பூரிலிருந்து

பழக்குவது பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊற வை, அப்புறம் எண்ணெய் தடவி வெயிலில் வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். புளித்த கஞ்சி புதுக்கல்லின் கறுப்புத் தூளையும் லேசான துருவையும் இளக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது கல்லைச் சுத்தம் செய்யும், பழக்காது. பழக்குவது சூடான எண்ணெய். மெல்லியதாகத் தடவிய எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடேறும்போது காற்றோடு சேர்ந்து இறுகி இரும்பைப் பற்றிக்கொள்ளும். வெறும் வெயிலில் அந்தச் சூடு கிடைக்காது. எனவே ஜன்னலைத் திறந்து வைத்து, எண்ணெயைத் தடவி, துடைத்து, புகை அடங்கும்வரை சுட்டு, ஆறவிட்டு, திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சரி. தேங்காய் எண்ணெய் இதற்கு அவ்வளவாக இறுகாது.

முதல் வாரத்தில் தோசை ஊற்றாமல் வெங்காயம் வதக்குங்கள், வடையோ பூரியோ பொரிக்கலாம் என்றால் வாணலியைப் பழக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. தோசைக்கல்லில் சப்பாத்தி சுடுவதை எங்கள் வீட்டில் தடையே போட்டுவிட்டோம். எண்ணெய் இல்லாத சூட்டில் மேல்படலம் கருகிவிடும், மறுநாள் தோசை வராது, காலையிலேயே சண்டை.

சோப்பு படவே கூடாது என்பதையும் நான் நம்புவதில்லை. மீன் வறுத்த கல்லைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவுகிறேன், படலம் அப்படியேதான் இருக்கிறது. ஊறவைப்பதும் கரகரப்பான பவுடர் போட்டுத் தேய்ப்பதும்தான் கெடுதல். துரு வந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் போடுங்கள். அரைமணி நேரத்துக்குள் எடுத்துத் தேய்த்துவிட வேண்டும், விட்டுவைத்தால் இரும்பையே அரிக்கத் தொடங்கும்.

ராயபுரத்திலிருந்து

என் மகளுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று சொன்னபோது உறவுக்காரர்கள் எல்லோரும் இரும்புச் சட்டி வாங்கச் சொன்னார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறதாம். இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்பு சேருவது உண்மைதான். தக்காளி, புளி சேர்ந்தால் இன்னும் கூடுதலாக இறங்கும். ஆனால் எங்கள் டாக்டர் மாத்திரையை நிறுத்த விடவில்லை. சட்டி உதவிக்கு, மருந்துக்குப் பதில் அல்ல என்றார். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் போன்ற காரணங்களால் உடம்பில் இரும்பு ஏற்கெனவே அதிகம் தேங்கியிருப்பவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

திருவொற்றியூரிலிருந்து

பாத்திர ஸ்டாண்டு பற்றியும் இண்டக்ஷன் அடுப்பு பற்றியும் இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாத்திர ஸ்டாண்டு வாங்குவதென்றால் பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் ஒன்றல்ல. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202 என்ற மலிவு ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், கடற்காற்றில் புள்ளிபுள்ளியாகக் கறை பிடிக்கும். இதற்கும் காந்தம் உதவாது, இரண்டிலும் சரியாக ஒட்டாது.

இண்டக்ஷன் அடுப்பில் வார்ப்பிரும்பு வேலை செய்யும். ஆனால் கண்ணாடிமேல் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். எடுத்ததும் முழுச் சூட்டில் வைக்காமல் மெல்ல ஏற்றுங்கள். கல்லின் அடியில் வளையமோ எழுத்தோ புடைத்திருந்தால் சரியாகச் சூடேறாது. வாங்குவதற்கு முன் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.