ரோஜா விற்று வளரும் நாடுகள்: தண்ணீர்க் கணக்கை யார் பார்ப்பது?

தளித் தோட்டம் எழுதியது:

வணக்கம். எங்களுக்கு ஓசூருக்குப் பக்கத்தில் தளியில், பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூரைக் குடிலில் டச்சு ரோஜா. பிப்ரவரி சீசனுக்கு விலை பேச உட்கார்ந்தாலே வியாபாரி முதலில் எடுப்பது கென்யா, எத்தியோப்பியா பேச்சைத்தான். அங்கே பூ மலிவு, அதனால் உங்களுக்கும் இவ்வளவுதான் என்பார். சரி, அவர்கள் எப்படித்தான் செய்கிறார்கள் என்று தேடிப் படித்ததில் வேறொரு கேள்வி வந்துவிட்டது. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எட்டாவது, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதமாவது வளர வேண்டும் என்கிறது. ஆறாவது, தண்ணீரைக் காப்பாற்றச் சொல்கிறது. எத்தியோப்பியா மாதிரி ஒரு நாடு டாலருக்காகத் தண்ணீரைப் பூவாக்கி விமானத்தில் ஏற்றிக்கொண்டே இரண்டையும் எப்படிச் சாதிக்கும்? முதலில் வளரட்டும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்கிறான் என் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் அவனுக்குச் சொல்லப் பதிலும் இல்லை. எங்கள் ஊரிலேயே போர் போடுகிற ஆழம் வருஷா வருஷம் கூடிக்கொண்டு போகிறது.

பாகலூர்க்காரன் எழுதியது:

நான் கென்யாவில் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவன். காலையில் வெட்டிய பூவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்து, கட்டு கட்டி, கோல்ட் ரூமில் வைத்து நைரோபி விமான நிலையத்துக்கு ஏற்றுவோம், அங்கிருந்து நெதர்லாந்து ஏலத்துக்குப் போகும். வேலை கிடைத்தது உண்மை. பேக்கிங் ஹாலில் நின்ற பெண்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கையில் வந்ததே அதுதான் முதல் தடவை, அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நடந்தது. அதை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் வேலை தேடி வந்த ஜனம் கராகிட்டா மாதிரிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்துத் தங்கியது, கழிவறையும் வடிகாலும் போதவில்லை, அந்த அழுக்கும் ஏரியைத்தான் பார்த்துப் போனது. 2009 வறட்சியில் ஏரி மட்டம் இறங்கிவிட்டது. 2010 தொடக்கத்தில் மழை வந்ததும் மீன்கள் செத்து மிதந்தன. பண்ணை மருந்துதான் என்றார்கள் ஒரு பக்கம், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததுதான் என்றார்கள் மறுபக்கம்.

அதே ஊரில் நல்லதும் உண்டு. பக்கத்து ஓல்காரியாவில் பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், ஒரு பண்ணை அந்தச் சூட்டையே பசுமைக்குடிலுக்குள் விட்டு இரவு ஈரத்தைக் குறைத்துப் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தியது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மலேவா ஆற்றின் மேட்டுப்பகுதிச் சிறு விவசாயிகள் சரிவில் புல்வரிசையும் மரமும் வைத்து மண்ணைப் பிடித்து நிறுத்தினால், கீழே தண்ணீர் எடுப்பவர்கள் அவர்களுக்குக் கூப்பன் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. தண்ணீர் எடுக்கிறவன் அதற்கென்று கைக்காசு போட ஆரம்பித்த பிறகுதான் அங்கே பேச்சே மாறியது. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

பென்னாகரம் டீச்சர் எழுதியது:

அப்புறம் சரிசெய்யலாம் என்பதற்கு என்ன விலை என்று எங்கள் மாவட்டத்தைக் கேட்டால் தெரியும். அளவு மீறினால் பல்லையும் மூட்டையும் கெடுக்கும் ஃபுளோரைடு இங்கே பாறையிலேயே இருக்கிறது, யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. மேலாகக் கிணற்றில் கிடைத்த தண்ணீர் தீர்ந்து, ஆழ்துளைக் கிணறு போட்டு அடிப்பாறைத் தண்ணீரையே குடிக்க ஆரம்பித்த ஊர்களில் தொல்லை கூடியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும்போது முன்பல்லில் காவிக்கறை தெரியும், சில பெண் பிள்ளைகள் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். கடைசியில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது, செலவு சுமார் 1,900 கோடி ரூபாய், அதில் பெரும்பங்கு ஜப்பான் கடன். பல்லில் விழுந்த கறையை எந்தத் திட்டமும் எடுக்காது.

வளர்ச்சியை அளக்கும் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் போர் போட்ட கூலி சேரும், மோட்டார் விலை சேரும், கேன் தண்ணீர் வியாபாரம் சேரும், மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரியில் கட்டிய பணமும் சேரும். வற்றிப்போன தண்ணீர் எங்கேயும் கழிவதில்லை. 7 சதவீதம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

ஊத்தங்கரை பொருளியல் எழுதியது:

டீச்சர் சொல்வதில் மறுப்பு இல்லை. ஆனால் ஏழை நாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. உலகம் வெளியிடும் கார்பனில் மொத்த ஆப்பிரிக்காவின் பங்கு 4 சதவீதம் அளவுதான், சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் வீட்டில் இன்னும் கரண்டே இல்லை. 1972லேயே ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையை ஒதுக்கிவிட்டுச் சுற்றுச்சூழலைப் பேச முடியாது என்று எடுத்துச் சொன்னார். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் வாக்குக் கொடுத்து, 2020க்குள் தர வேண்டியதை 2022இல்தான் எட்டின, அதிலும் பெரும்பாலானது கடன். எத்தியோப்பியா 2023 டிசம்பரில் வெறும் 3.3 கோடி டாலர் வட்டியைக் கட்டாமல் தவணை தவறியது. டாலர் கடனை டாலரில்தான் அடைக்க வேண்டும், அதற்குக் காபி, பூ என்று எது ஏற்றுமதியாகுமோ அதைத்தான் அந்த நாடு தள்ளும், அந்த அவசரத்தில் ஏரியைப் பற்றி எந்த அமைச்சர் நிதானமாக யோசிப்பார்? கடனைத் தள்ளிவைக்காமல், மானியமாகப் பணம் தராமல், நீடித்த வளர்ச்சி பேசுவது ஏழையின் தலையில் இன்னொரு சுமையை வைப்பதுதான்.

தளித் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடனும் ஏரியும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்று நினைக்கவில்லை. பாகலூர் அண்ணா, நாங்கள் ஒரு ஏக்கர்தான். எங்கள் அளவில் என்ன செய்ய முடியும்? ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீர் நுரையைப் பார்த்த பிறகு ஆற்றுத் தண்ணீரை நம்பவும் பயமாக இருக்கிறது.

பாகலூர்க்காரன் எழுதியது:

கூரையை நம்புங்கள். ஒரு ஏக்கர் பாலிஹவுஸ் என்றால் சுமார் 4,000 சதுர மீட்டர். நம் பக்கம் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 32 லட்சம் லிட்டர் உங்கள் கூரை மேலேயே விழுகிறது. சொட்டுநீரில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 லிட்டர் விட்டால் 16,000 லிட்டர், அதாவது 200 நாள் தண்ணீர். ஆவியாவதும் வழிவதும் போக முக்கால்வாசி நின்றாலும் சுமார் 150 நாளுக்குப் போரை ஓட்ட வேண்டியிருக்காது. கூரை விளிம்பில் தகரக் கால்வாய், தாழ்ந்த மூலையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை. குட்டைக்கு மேல் நிழல்வலை கட்டிவிடுங்கள், பாசி பிடித்தால் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும். ஷீட் வாங்கும் முன் தோட்டக்கலை அலுவலகத்தில் மானியம் கேட்டுப் பாருங்கள், வேலை முடிந்தபிறகு போனால் தரமாட்டார்கள்.