குட்டி சொகுசு செடான்: ஓட்டுபவருக்கா, பின்சீட்டுக்கா?

ஈசிஆர்வாசி: அடுத்த மாதம் கார் மாற்றுகிறேன். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் என்பது முடிவு. எம்340ஐயா, நீளமான 330எல்ஐயா என்பதில்தான் குழப்பம். அப்பாவுக்கு 74 வயது, கூடவே வருவார். வீட்டில் எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

மூன்றாம்கியர்: யோசிக்கவே வேண்டாம், எம்340ஐ. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 374 குதிரைத்திறன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உயரமான வண்டியை ஏற்றிப் பாருங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் வண்டி வெளிப்பக்கம் சாயும், பக்கத்தில் இருப்பவர் கைப்பிடியைத் தேடுவார். செடானில் ஸ்டியரிங்கை ஒடித்த மறுநொடி மூக்கு திரும்பிவிடும். சின்ன செடான் என்றால் பெரிய காரின் மலிவுப் பதிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1982ல் வந்த பென்ஸ் 190 என்ற சின்ன செடானில்தான், ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தண்டுகளால் பிடித்துக்கொள்ளும் சஸ்பென்ஷன் முதலில் வந்தது. பெரிய பென்ஸ் அதைப் பிறகுதான் வாங்கிக்கொண்டது.

வேளச்சேரி_குமரன்: ஏலகிரிக்கு வருடத்தில் எத்தனை நாள் போவீர்கள்? மிச்ச நாளெல்லாம் ஓஎம்ஆர் சிக்னல்தானே. என் அப்பாவுக்கும் முழங்கால் வலி. எங்கள் பழைய செடானிலிருந்து இறங்க, கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடி, மூன்றாவது முறைதான் எழுவார். உதவப் போனால் கோபம் வரும். ஒரு மழைக்கு இன்ஜினுக்குள் தண்ணீர் போனதோடு அதை விற்றுவிட்டேன். இப்போது எஸ்யூவியில் அப்பா தானாக இறங்குகிறார். எனக்கு அதுதான் சொகுசு.

மூன்றாம்கியர்: குமரன், அப்பா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஓட்டும் ஆசையே வீண் என்பதுபோல் பேசாதீர்கள். சம்பாதித்து, தினமும் இரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் ஒரு சுகம் வேண்டாமா?

ஆக்டிங்டிரைவர்_செங்கை: அண்ணா, நான் 16 வருடமாகச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். நீங்கள் கேட்ட இரண்டு பிஎம்டபிள்யூவும் எங்கள் ஊர்ப்பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தித் தயாராகுபவைதான். நான் ஓட்டுவது நீளமான வண்டி. அதற்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 110 மில்லிமீட்டர் கூடுதல், அது அப்படியே பின்சீட்டின் கால் பக்கம் போகிறது. முதலாளி செங்கல்பட்டுக்குள் தூங்கிவிடுவார். பின்னால் மூன்று பேர் இருந்தால் வேகத்தடையில் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும், இல்லையென்றால் அடி உரசும்.

ஆனால் அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு விடியற்காலையில் காலி வண்டியோடு ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பும்போது, அந்த நீளமான வண்டியே வேறு மாதிரி ஓடும். 258 குதிரைத்திறன், இன்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும். அது ஓட்டி ரசிக்கிற வண்டி இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேளச்சேரி_குமரன்: தம்பி சொல்வதை மதிக்கிறேன். கால் வைக்க இடம் வந்துவிட்டது, சரி. சீட்டின் உயரம்? அது அப்படியேதானே இருக்கிறது?

ஆக்டிங்டிரைவர்_செங்கை: உண்மைதான் அண்ணா. அதனால்தான் பெரியவர்களை நான் முன்சீட்டில் உட்கார வைப்பேன். பட்டனை அழுத்திச் சீட்டை முழுக்க மேலே ஏற்றி, பின்னால் தள்ளிவிட்டால், காலைத் தரையில் ஊன்றி எழுந்துவிடுவார்கள்.

ஈசிஆர்வாசி: நன்றி தம்பி, இது தோன்றவே இல்லை. சனிக்கிழமை அப்பாவையும் ஷோரூமுக்கு அழைத்துப் போகிறேன். முன்சீட்டில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அவருக்குச் சரிப்பட்டால் 330எல்ஐ. அப்புறம் ஏலகிரிக்கும் அதிலேயே போவேன்.