நிலா ஜாடியின் கோணல்: இன்று செய்வது மரபா, நடிப்பா?

சூளைக்காரன்:
2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பழைய கொரிய நிலா ஜாடி (நிலா போல உருண்ட பெரிய வெள்ளைப் பீங்கான் ஜாடி) ஒன்று 45 லட்சம் டாலருக்கு மேல் போனது. இன்றைய கொரியக் கலைஞர்களின் வெள்ளை ஜாடிகளையும் அதே வரிசையில் வைத்துப் பாராட்டுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஜோசோன் காலத்து (கொரியாவை 1910 வரை ஆண்ட அரசமரபு) ஜாடி கோணலானது வேறு வழியில்லாமல். பீங்கான் மண் வளைந்து கொடுக்காது. அவ்வளவு பெரிய உருண்டையை ஒரே மூச்சில் வனைந்தால் சரிந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து, ஒன்றின் மேல் மற்றொன்றைக் கவிழ்த்து, வாயோடு வாய் ஒட்டினார்கள். சூளைச் சூட்டில் மண் இளகியதும் ஒட்டிய இடுப்பு கொஞ்சம் தொய்ந்தது. இன்று எரிவாயுச் சூளை, வெப்பமானி எல்லாம் வந்தபிறகும் கோணலைத் தேடிப்போவது நடிப்புதானே?

வெண்களி:
எல்லாரும் எரிவாயுவில் சுடவில்லையே. இன்றைய கொரியக் குயவர் க்வோன் டே-சப் கியோங்கி மாகாணத்து க்வாங்ஜூவில் (தெற்கே உள்ள பெருநகரம் வேறு, இது பழைய அரசுச் சூளைகள் இருந்த ஊர்) விறகு எரித்துத்தான் சுடுகிறார். தீ போன போக்கில் தோள் சாய்கிறது. தேறாததை உடைத்துப் போடுகிறார்.

சூளைக்காரன்:
எது தேறும் என்று யார் சொல்வது? சாய்வு கண்ணுக்கு இதமாக இருந்தால் கண்காட்சிக்கு, இல்லாவிட்டால் சுத்தியலுக்கு. பழைய ஜாடி புழங்கிய பாத்திரம். உள்ளே வைத்தது ஊறி வெளியே கறை தெரியும். இன்றைய ஜாடியில் ஒரு பிடி அரிசியாவது விழுமா?

தென்கரை:
க்வாங்ஜூ சூளை மேடுகளைத் தோண்டினால் கழித்துப் போட்ட பீங்கான் உடைசல்கள்தான் குவியல் குவியலாக வருகின்றன. அன்றும் பொறுக்கித்தான் எடுத்தார்கள், ஐயா.

இன்னொன்று. அந்தக் கோணலை இவ்வளவு கொண்டாடியது 20ஆம் நூற்றாண்டு. கொரிய ஓவியர் கிம் வான்கி நிலா ஜாடிகளைச் சேர்த்தார், திரும்பத் திரும்ப வரைந்தார். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1935இல் சியோலில் ஒன்றை வாங்கிப் போனார். அது பின்னர் லண்டன் குயவர் லூசி ரீயிடம் இருந்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் 'அசல்' என்று பார்ப்பதே இவர்கள் பழக்கிவிட்ட பார்வையில்தான்.

வெண்களி:
அப்படிக் கேளுங்கள். இன்றைய கொரியக் குயவர் பார்க் யங்-சுக்கின் ஜாடிகள் பழையவற்றைவிடப் பெரியவை, உருண்டையும் சீரானது. கோணலே குறைவு. அவரையும் நடிகர் என்பீர்களா?

சூளைக்காரன்:
மாட்டேன். தன் காலத்து வசதியை அவர் மறைக்கவில்லை. கொரியக் கலைஞர் யீ சூ-கியுங்கையும் ஏற்பேன். குயவர்கள் உடைத்தெறிந்த துண்டுகளைப் பொறுக்கி, விரிசல் தெரியத் தங்கம் பூசி ஒட்டுகிறார். என் சண்டை விபத்தைத் திட்டம் போட்டு நடத்துகிறவர்களோடு மட்டும்.

தென்கரை:
சரி, இப்போது ஜப்பானின் ஒசாகா அருங்காட்சியகத்தில் இருக்கும் நிலா ஜாடி? 1995இல் நாராவின் தோதாய்-ஜி கோயிலில் இருந்தபோது திருட வந்தவன் போட்டு உடைத்ததில் 300 துண்டுக்கு மேல். ஒட்டி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அது பழையதா, புதியதா?

சூளைக்காரன்:
பழையதுதான். ஒட்டியவர்கள் கோணலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.