பதினோரு மணி ஆனா குரல் உடைஞ்ச கதை: ஆபீஸ் ஐபி போன்ல கோடெக் பட்ட பாடு, உங்க அனுபவமும் சொல்லுங்க

கோடெக்குன்னா குரலை டிஜிட்டலா மாத்தி அனுப்பற முறை. முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். கிண்டி பக்கம் 45 சீட் இருக்கிற ஒரு கால் சென்டர். பழைய ஆட்டம் ப்ராசஸர் பெட்டியில ஆஸ்டரிஸ்க் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர்) ஓடிட்டு இருந்துச்சு, ரெக்கார்டிங்கும் அதே பெட்டியிலதான். காலையில ஒன்பதரைக்கு எல்லாம் சுத்தமா கேக்கும். பதினோரு மணிக்கு டீம் லீடர் அக்கா என் மேஜைகிட்ட வந்து நிப்பாங்க: "தம்பி, கஸ்டமர் கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. நடுநடுவுல வார்த்தையே காணாமப் போகுது."

லைன் குடுக்கிறவங்ககிட்ட சண்டை போட்டோம். சுவிட்ச் மாத்தினோம். புதுசா 12 ஹெட்செட் வாங்கினோம் (அந்த பில்லை எங்க மேனேஜர் இன்னும் மறக்கல). பிங் பாத்தா ஒழுங்கா இருக்கு, பாக்கெட் லாஸும் இல்ல. கடைசியில ஒருநாள் பதினோரு மணிக்கு சர்வர்லயே உக்காந்து டாப் கமாண்ட் போட்டுப் பாத்தேன். ஆஸ்டரிஸ்க் ரெண்டு கோரையும் முழுசா தின்னுட்டு இருந்துச்சு. ஓடிட்டு இருந்த ஒரு காலை எடுத்து 'கோர் ஷோ சேனல்' போட்டா விஷயம் வெளிச்சம்: போன் பக்கம் ஏ-லா (ஜி.711 கோடெக்கோட ஒரு வகை, பெருசா சுருக்காது), ட்ரங்க் (வெளி லைன்) பக்கம் ஜி.729 (குரலை ரொம்பச் சுருக்கற கோடெக்). ஒவ்வொரு காலுக்கும் சர்வர் ரெண்டு திசையிலயும் பிரிச்சு மறுபடி சுருக்கிக்கிட்டு இருக்கு, ஒரு திசைக்கு செகண்டுக்கு 50 பாக்கெட். பத்து கால் வரைக்கும் பெட்டி தாங்குது. நாப்பது வந்தா மூச்சு வாங்குது.

ஜி.729-ஐ யார் போட்டாங்கன்னு தேடினேன். எனக்கு முன்னாடி இருந்தவர், 2 எம்பிபிஎஸ் லைன் இருந்த காலத்துல. அப்போ அது நியாயமான கணக்குதான். ஜி.711 ஒரு காலுக்கு ஈதர்நெட் ஹெட்டரோட சேத்து சுமார் 87 கேபிபிஎஸ் எடுக்கும், அந்த லைன்ல 23 கால் தாண்டாது. ஜி.729-ன்னா 31 கேபிபிஎஸ், அறுபது காலுக்கு மேல போகும். அப்புறம் லைன் 20 எம்பிபிஎஸ் ஆச்சு, செட்டிங் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. திவசத்துக்குப் பூனையைக் கூடை போட்டுக் கவுத்த கதைதான்.

சரின்னு எங்க சர்வரோட கோடெக் வரிசையில ஏ-லாவை மேல தூக்கினேன். வெளிய போற கால் சரியாச்சு, உள்ள வர்ற கால் மாறவே இல்ல! ட்ரேஸ் எடுத்துப் பாத்தா, ட்ரங்க்ல இருந்து வர்ற இன்வைட்டோட (காலை ஆரம்பிக்கிற சேதி) எஸ்டிபியில (எந்தெந்த கோடெக் தெரியும்னு சொல்ற பகுதி) ஆடியோ வரி இப்படி முடியுது: 18 8 0 101. 18-ன்னா ஜி.729, 8 ஏ-லா, 0 மியூ-லா (ஜி.711-ஓட இன்னொரு வகை), 101 பட்டன் அழுத்தற சேதி. கூப்பிடறவங்க முதல்ல எழுதினதுக்கு எங்க சர்வர் தலையாட்டிட்டு இருந்திருக்கு. ட்ரங்க்ல இருந்து ஜி.729-ஐ அடியோட எடுத்த அப்புறம்தான் அடங்குச்சு. நாப்பது கால் ஓடினாலும் மூணரை எம்பிபிஎஸ், இருக்கிற லைன்ல அது ஒரு விஷயமே இல்ல.

இன்னொன்னு. ப்ராசஸர் பிரச்சனை தீர்ந்த அன்னிக்கே குரலும் தெளிஞ்சது. கஸ்டமரோட மொபைல்ல ஏற்கெனவே ஏஎம்ஆர்ங்கிற மொபைல் கோடெக்ல ஒரு தடவை சுருக்கிட்டாங்க. வழியில பிரிச்சு, ஜி.729-ல மறுபடி பிழிஞ்சு, எங்ககிட்ட திரும்பப் பிரிச்சா என்ன மிஞ்சும்? மூணாம் தேங்காப்பால்தான்.

•

அண்ணே, உங்களுக்குக் குரலாவது உடைஞ்சு வந்துச்சு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல எனக்கு காலே போகல.

ஓனருக்கு வீடியோ வர்ற புது ஐபி போன். ரெஜிஸ்டர் ஆகுது, உள்ள வர்ற கால் எடுக்குது, வெளிய டயல் பண்ணா மட்டும் முப்பது செகண்ட் மௌனம், அப்புறம் கட். பக்கத்து டேபிள் பழைய போன்ல அதே நம்பர் போகுது. ரெண்டு நாள் ஃபயர்வாலோட மல்லுக்கட்டினேன். பிறகு எஸ்என்கிரெப்ல (கால் சேதிகளைக் காட்டற டூல்) பாத்தா, முதல் இன்வைட் சர்வருக்கு வருது, சர்வர் 'பாஸ்வேர்டு சொல்லு'ன்னு 401 அனுப்புது, அதோட சரி. ரெண்டாவது இன்வைட் வரவே இல்ல.

போன்ல எல்லா கோடெக்குக்கும் டிக் போட்டிருந்துச்சு: ஜி.722, ஓப்பஸ், ஐஎல்பிசி, ரெண்டு மூணு வீடியோ கோடெக், ஒவ்வொண்ணுக்கும் விளக்க வரி வேற. முதல் இன்வைட் 1,400 பைட்டுக்குப் பக்கம். பாஸ்வேர்டு ஹெட்டர் சேந்ததும் 1,500-ஐத் தாண்டி யுடிபி பாக்கெட் ரெண்டா உடையுது. நடுவுல இருந்த ரவுட்டர் அந்தத் துண்டுகளை விடல. 1,300 பைட்டைத் தாண்டினா யுடிபியை விட்டுட்டு டிசிபியில அனுப்புன்னு சிப் (ஐபி போன்ல கால் போடற முறை) விதியிலயே (ஆர்எஃப்சி 3261) எழுதியிருக்கு, அந்த போன் கண்டுக்கல. ஏ-லாவையும் பட்டன் சேதியையும் விட்டுட்டு மிச்ச டிக்கை எல்லாம் எடுத்தேன். அடுத்த டயல்லயே ரிங் போச்சு. ஓனர் "என்னப்பா, ஃபயர்வால் மாத்தினியா?"ன்னார். ஆமாம்னு சொல்லிட்டேன்.

•

மதுரையில ஒரு ஆஸ்பத்திரி ஐவிஆர் (கூப்பிட்டா தானா பேசி பட்டன் அழுத்தச் சொல்ற குரல்). "டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு 1-ஐ அழுத்தவும்." ஜனங்க அழுத்தறாங்க, அது திரும்பத் திரும்ப அதையே சொல்லுது. ஒரு பெரியவர் நேர்லயே வந்து ரிசப்ஷன்ல சத்தம் போட்டார், "ஒண்ணை அமுக்கி அமுக்கி என் வெரல் தேஞ்சதுதான் மிச்சம்"னு.

பட்டன் ஒலியை இன்பேண்டா, அதாவது குரலோட குரலா அனுப்பற மாதிரி செட் பண்ணி, மேல ஜி.729 போட்டு வச்சிருந்தாங்க. அது மனுஷப் பேச்சுக்குன்னு செஞ்ச கோடெக், ரெண்டு சுருதி சேந்த பட்டன் ஒலியைக் குதறிடும். பட்டனைத் தனிச் சேதியா அனுப்பற ஆர்எஃப்சி 4733-க்கு, அதான் மேல சொன்ன அந்த 101-க்கு மாத்தினதும் ஐவிஆருக்குக் காது கேட்டுச்சு.

•

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஹோல்ட்ல புல்லாங்குழல் வச்சிருந்தோம். ஜி.729-ல அது குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி சீறற மாதிரி கேக்கும். அதே லைன்ல ஃபேக்ஸ் அனுப்பப் பாத்தவங்க கதையை நான் சொல்லவே வேணாம். டி.38 (ஐபி லைன்ல ஃபேக்ஸ் அனுப்பற முறை), இல்லாட்டி ஜி.711. மூணாவது வழி கெடையாது.

•

எல்லாரும் சேந்து ஜி.729-ஐ மொத்தறீங்க, நான் அதுக்கு வக்காலத்து வாங்கறேன். வால்பாறையில ஒரு எஸ்டேட் ஆபீஸ். 4ஜி சிம் ஒண்ணுதான் லைன், மழை பெஞ்சா அதுவும் பாதி. அங்க ஆறு பேர் ஒரே நேரத்துல ஜி.711-ல பேசினா மெயில் கூடத் திறக்காது. பேட்டன்ட் இருந்தப்போ ஆஸ்டரிஸ்க்குக்கு சேனலுக்கு பத்து டாலர்னு காசு குடுத்தே லைசென்ஸ் வாங்கிப் போட்டோம். 2017-ல பேட்டன்ட் முடிஞ்சு இலவசமாச்சு.

இப்போ எஸ்டேட்டுக்கும் கோயம்புத்தூர் சர்வருக்கும் நடுவுல ஓப்பஸ். பாக்கெட் கொஞ்சம் தொலைஞ்சாலும் சமாளிச்சுக்குது. கோயம்புத்தூர்ல இருந்து வெளிய போறப்போ ஏ-லாவா மாத்தித்தான் ஆகணும், வேற வழியில்ல. மாத்தட்டும், நல்ல சர்வர்ல ஒரே ஒரு தடவை மாத்தட்டும். தெரிஞ்சு மாத்தறதுக்கும் யாருக்கும் தெரியாம நடுவுல நடக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி.

•

கிண்டிக்காரன்தான் மறுபடி. வால்பாறை அண்ணே, ஒத்துக்கறேன். உங்க இடத்துல நானும் அதையேதான் பண்ணியிருப்பேன்.

நீங்க சொன்னதைப் படிச்சிட்டு எங்க ஓசூர் கிளை ட்ரங்க்கை இப்போதான் போய்ப் பாத்தேன். பேக்கப்பா போட்டது, ஆறு மாசமா யாரும் தொடல. ஆடியோ வரி: 18 8 0 101. அங்க இருக்கிறது ஃபைபர் லைன். டீ குடிச்சிட்டு வந்து மாத்தறேன்.