வினாடி வினா ‘செட்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவுக்கு 1964 முதல் போடப்பட்ட செட்டுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘செட்’டுக்கு என்ன சொல்வது? ‘அரங்கு’ என்றால் பார்வையாளர் உட்காரும் கூடமும் அதில் வந்துவிடுகிறது. ‘மேடை’ என்றால் தரையைவிட உயர்ந்த இடம், அவ்வளவுதான். ‘காட்சியமைப்பு’ சரிப்படுமா? ‘செட் டிசைன்’ என்பதற்கும் சேர்த்து யோசனை சொல்லுங்கள்.

---

‘காட்சியமைப்பு’ நாடகத்துக்குப் பொருந்தும். அங்கே இல்லாத வீட்டையும் தெருவையும் இருப்பதுபோலக் காட்டுகிறோம். வினாடி வினா செட் வேறு எந்த இடத்தையும் காட்டுவதில்லை. ஆட்டமே அதன் மேல்தான் நடக்கிறது. சதுரங்கக் கட்டத்தை யாராவது காட்சி என்பார்களா?

நீங்கள் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியையே பார்ப்போம். ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய காலத்தில் அங்கே இருந்தது நிஜமான பலகை. கேள்வியின் இடத்தில் வரும் குறிப்புகளை அட்டையில் அச்சிட்டு, பரிசுத்தொகை எழுதிய அட்டையால் மூடி வைப்பார்கள். போட்டியாளர் கேட்டதும் பின்னால் நிற்கும் ஆள் மேல் அட்டையை இழுப்பார். 6 தலைப்பு, தலைப்புக்கு 5 குறிப்பு. 1984-இல் அலெக்ஸ் டிரெபெக் நடத்துநராக வந்தபோது அந்த 30 இடங்களிலும் டிவி பெட்டிகள். 2006-இல் அவை போய், இடைவெளி அநேகமாகத் தெரியாத திரைச்சுவர் வந்தது. 2009-இல் அதையும் எடுத்துவிட்டு 36 தட்டைத் திரைகள் வைத்தார்கள். தலைப்புகளுக்கான ஆறும் சேர்த்து. பொருள் இத்தனை தடவை மாறியும் ஆறுக்கு ஐந்து என்ற கட்டம் அசையவில்லை. அதனால் சொல்லும் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது, செய்யும் வேலையைச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. ‘பலகை’ தப்பித்ததுகூட அப்படித்தான். மரமே இல்லாத அறிவிப்புப் பலகையை நாம் கூசாமல் பலகை என்கிறோமே!

இன்னொன்று, விளக்கு. 1984-இல் குறிப்பு தெரிந்த உடனே யாரும் பொத்தானை அழுத்தலாம். நடத்துநர் பாதி படிக்கும்போதே மணி அடிக்கும். வீட்டில் பார்ப்பவருக்குப் படித்து முடிக்க நேரம் கிடைக்காது. 1985-இல் விதியை மாற்றினார்கள். நடத்துநர் படித்து முடித்த பிறகு பலகையின் பக்கத்தில் விளக்குகள் எரியும், அப்புறம்தான் அழுத்தவேண்டும். அவசரப்பட்டு முன்பே அழுத்தியவரின் பொத்தான் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். அந்த விளக்கை அலங்காரம் என்று சொல்ல முடியுமா? விதியையே சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எனவே ‘வினாக்களம்’. போர்க்களம், நெற்களம், ஆடுகளம் எல்லாமே ஒரு காரியம் நடக்கும் இடங்கள்தானே.

(சென்ற மாதம் இங்கே ‘பஸ்ஸர்’ என்பதற்கு ‘முந்தழுத்தி’ என்ற சொல் வந்தது. முந்தி அழுத்துகிறவருக்குத் தண்டனை தரும் பொத்தானுக்கு அந்தப் பெயரா? பஸ்ஸர் பஸ்ஸராகவே இருக்கட்டும்.)

---

களம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அலங்காரத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளவேண்டாம். அதே ஜெப்பர்டியில் 1985 முதல் 1997 வரை முதல் சுற்றுக்குப் பின்னணி நீலம், அடுத்த சுற்றுக்குச் சிவப்பு. பொத்தானை அழுத்தும் விதி அப்படியே இருக்க நிறம் மாறியது. இதை எதில் சேர்ப்பீர்கள்?

பிரிட்டனில் 1972-இல் தொடங்கிய ‘மாஸ்டர்மைண்ட்’ இன்னும் நல்ல உதாரணம். இருட்டு, ஒரு கறுப்பு நாற்காலி, மேலிருந்து ஒரு விளக்கு. அதை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு விசாரிக்கப்பட்டவர். அந்த விசாரணை அறைதான் நாற்காலியாக வந்து உட்கார்ந்தது. 1998-இல் ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ அதையே வட்டமாக்கியது. சுற்றிலும் பார்வையாளர், கீழிருந்து ஒளிரும் தரை, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டியாளர் மேல் கவிந்து இறங்கும் விளக்குகள். இந்த விளக்குகளில் ஒரு விதியும் இல்லை, வயிற்றைக் கலக்குவது மட்டும்தான் வேலை. அந்த வேலையும் செட்டின் வேலைதான்.

நம்மிடம் இதற்குப் பழைய துணை உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லிவிட்டு, தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கு வைக்கவும் சொல்கிறது. அளவு, திரை, விளக்கு எல்லாம் அங்கே ஒரே பேச்சு. அதனால் ‘அரங்கு’தான் என் முதல் தேர்வு.

அப்புறம் ஒரு நடைமுறைத் தொல்லை. ‘செட் டிசைன்’ என்பதற்குக் ‘களவடிவமைப்பு’ என்று சேர்த்து எழுதிப் பாருங்கள். யாரோ திருட்டுக்குத் திட்டம் போட்ட மாதிரி இருக்கிறது.

---

சிரித்துவிட்டேன், களவு பிடிபட்டது. ‘களன்’ என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. களம், களன் இரண்டும் ஒன்றுதான்: வினாக்களன், களனமைப்பு.

அரங்கை விடச் சொல்லவில்லை. கூடம், இருக்கைகள், பார்வையாளர் எல்லாம் சேர்ந்த முழு இடம் அரங்கு. அதற்குள் போட்டியாளரும் நடத்துநரும் பலகையும் இருக்கும் பகுதி களன். கேட்டவருக்கும் இந்தப் பிரிவுதானே வேண்டியிருந்தது? நீலமும் சிவப்பும் களனின் நிறம். மில்லியனரில் பார்வையாளரையே களனைச் சுற்றி உட்கார வைத்ததால் கோடு கொஞ்சம் மங்குகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

---

இருவருக்கும் நன்றி. என் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: “1964-இன் வினாக்களனில் அட்டையை இழுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, 1984-இன் களனமைப்பில் அந்த ஆளுக்கு வேலையில்லை.” சத்தமாகப் படித்தேன், நாக்கு இடறவில்லை. தலைப்பில் மட்டும் ‘செட்’ என்றே விட்டுவைக்கிறேன், தேடி வருகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.