கதைகளில் வரும் பாரிஸ் பிஸ்ட்ரோக்கள் (குடிக்கவும் சாப்பிடவுமான சின்னக் கடைகள்): நேரில் போனவர்கள் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
நானே தொடங்குகிறேன். ஆஸ்திரிய எழுத்தாளர் ஜோசப் ரோத்தின் 'புனிதக் குடிகாரனின் கதை' 1939-ல் வந்தது. சேன் நதிப் பாலத்தடியில் படுக்கும் ஆந்திரேயாஸுக்கு முன்பின் தெரியாத ஒருவர் 200 பிராங்க் தருகிறார். முடிந்தபோது பாத்தினியோல் பகுதித் தேவாலயத்தில் சிலையாக இருக்கும் புனித தெரேசாவிடம் கட்டிவிடு, போதும் என்கிறார். ஆளும் நாணயமானவன்தான், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போகிறான். ஆனால் பத்து மணிப் பூசை முடிந்துவிட்டது, அடுத்ததற்கு நேரமிருக்கிறது, எதிரிலேயே பிஸ்ட்ரோ. அப்புறம் என்ன?

நான் தேடிப்போனது ரோத் உட்கார்ந்து குடித்த கடையை. தூர்னோன் தெரு, 18-ஆம் எண். கீழே கஃபே, மாடியில் அவர் அறை. ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30 அன்றே ஜெர்மனியை விட்டு வந்தவர். முன்பு தங்கியிருந்த ஃபோயோ ஹோட்டலை எதிரே இடித்தபோது, இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்து அதையும் எழுதி வைத்தார். நண்பர் எர்ன்ஸ்ட் டோலர் தற்கொலை செய்துகொண்ட செய்தி வந்ததும் இந்தக் கஃபேயில்தான் சரிந்து விழுந்தார். 1939 மே 27 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். இன்று அங்கே கோட்டு போட்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், தெருமுனையில் செனட், அதாவது பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

குசினிக்காரன்:
தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குச் சாமான் வாங்க வராத பாரிஸ் தமிழர் இல்லை. அதே சப்பல் பூலவாரில் (அகலச் சாலையில்) இருக்கும் ஒரு மலிவு விடுதி ஜன்னலில்தான் எமில் ஸோலாவின் 'லசொமுவார்' நாவல் (1877) தொடங்குகிறது. அங்கிருந்து பார்பெஸ் பக்கம் நடக்கும் தூரத்தில் கொலோம்ப் கிழவரின் சாராயக்கடை, உள்ளே செம்பில் செய்த வடிசாலை இயந்திரம். சலவைக்காரி ஜெர்வேஸ் முதலில் அங்கே சாராயத்தில் ஊறிய பிளம் பழத்தை மட்டும் தின்றுவிட்டுச் சாற்றை மிச்சம் வைக்கிறாள். கூரைவேலை செய்யும் கணவன் விழுந்து அடிபட்டபின் குடிக்கத் தொடங்குகிறான். கடைசியில் அவளும் அதே மேசையில். இவ்வளவு கதையிருந்தும் நான் வாழைக்காயும் கறிவேப்பிலையும் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிஸ்ட்ரோவில் கோப்பை கழுவியவன் என்ற முறையில் ஒரு குறை. கதைகளில் எல்லாரும் முன்பக்கமே உட்கார்ந்திருக்கிறார்கள். குசினிக் கதவைத் திறந்து காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அவர் பாரிஸில் கோப்பை கழுவியவர் (புத்தகம் 'Down and Out in Paris and London', 1933). மேசை விரிப்புக்கும் எங்கள் அழுக்குத் தண்ணீருக்கும் நடுவே ஒரு கதவுதான் என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு வேலையிடத்தில் சிரித்தேன். செஃப் முறைத்தார்.

பழம்பக்கம்:
பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக்கை விட்டுவிட்டீர்களே. 1974 அக்டோபரில் மூன்று நாள், சாந்த் சுல்பிஸ் சதுக்கத்துக் கடைகளில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பேருந்து, புறா, குடை எல்லாவற்றையும் எழுதினார். அதில் ஒன்றான கஃபே த லா மெரியில் நானும் நோட்டை விரித்தேன். 96-ஆம் எண் பேருந்து வந்தது, 63 வந்தது. அதற்குமேல் முடியவில்லை, எழுந்துவிட்டேன். போகிறவர்களுக்கு: நின்றபடி கவுண்டரில் குடித்தால் காபி விலை குறைவு.